இயந்திர எண்ணெய் தரும் எச்சரிக்கை

மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைகளில் நாள்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவர் எஞ்சினிலிருந்து எண்ணெய் அளவுக் குச்சியை உருவி எடுக்கிறார். அதன் நுனியில் நிற்கும் துளியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைக் கவனிக்கிறார். மூக்கருகே கொண்டு சென்று முகர்கிறார். பின்னர், இன்னும் சில நாள் ஓடும் என்றோ, இன்றே மாற்றிவிட வேண்டும் என்றோ தீர்ப்புக் கூறுகிறார். பல ஆண்டுப் பழக்கத்தினால் வந்த இந்தத் திறமை எளிதில் ஒதுக்கத் தக்கது அன்று. டீசல் கலந்து நீர்த்துப்போன எண்ணெயை அவர் மூக்கு அறியும். மணல் கலந்த எண்ணெயை அவர் விரல் அறியும்.

ஆயினும் விரலுக்கும் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் உள்ளது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுமார் 40 மைக்ரானுக்குக் குறைந்த துகளைச் சாதாரணக் கண்ணால் காண்பது அரிது. ஆனால் பேரிங்குகளிலும் நீரியல் வால்வுகளிலும் எண்ணெய் நிற்கும் இடைவெளியோ சில மைக்ரான்களே. ஆகவே இயந்திரத்தை அரித்துத் தின்னும் துகள்களில் பெரும்பாலானவை கண்ணில் படாதவை. பார்வைக்குத் தெளிவாக இருக்கும் எண்ணெய் உண்மையில் கேடுற்றதாக இருக்கலாம். நன்கு உழைக்கும் டீசல் எஞ்சினின் எண்ணெயோ, புதிதாக ஊற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். அந்தக் கறுப்பு கேட்டிற்கு அடையாளம் ஆகாது.

இந்தக் குறையை நிறைவு செய்யவே, எண்ணெய் முதலிய திரவங்களின் தரத்தை அளந்து அறிவிக்கும் உணர்கருவிகள் தோன்றின. சென்சார் என்று பட்டறைகளில் வழங்கும் இக்கருவிகள் இன்று லாரி, பஸ், டிராக்டர், ரயில் எஞ்சின், ஹெலிகாப்டர், மின்நிலையச் சுழலி எனப் பல இயந்திரங்களில் இடம்பெற்றுள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எதை அறிவிக்க வல்லவை, எதை அறிவிக்க இயலாதவை என்பதை இயந்திரங்களோடு பழகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நலம். கருவி தந்த எச்சரிக்கையைச் சரிவரப் படிக்காததனால் உயிர்கள் மாய்ந்ததும் உண்டு.

எண்ணெயின் கடமைகளும் பகைகளும்

உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையில் மெல்லிய படலமாக நிற்பது மசகு எண்ணெயின் முதற் கடமை. அதனோடு அதன் பொறுப்பு முடிவதில்லை. உராய்வினால் எழும் உஷ்ணத்தை அது வாங்கிச் செல்கிறது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே வாயு கசியாமல் அடைக்கிறது, கரியையும் தூசியையும் தன்னுள் மிதக்கவிட்டு வடிகட்டிக்குக் கொண்டு செல்கிறது, எரிபொருள் எரிவதால் பிறக்கும் அமிலங்களைச் செயலற்றதாக்குகிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. கடைசியாகக் கூறிய பணிகளுக்கென்று எண்ணெயில் பல ரசாயனப் பொருள்களைச் சேர்த்தே விற்கிறார்கள். அவை சிறிது சிறிதாகச் செலவழிந்து போகின்றன. எண்ணெய் பழையதாகிறது என்று சொல்வதில் இதுவும் அடங்கும்.

எண்ணெய்க்குப் பகைகள் பல. காற்றிலுள்ள பிராணவாயு உஷ்ணத்தின் துணையுடன் அதனோடு கூடி, அமிலத்தையும் பசை போன்ற படிவையும் உண்டாக்குகிறது. குளிரூட்டும் அமைப்பில் கசிவு ஏற்பட்டால் தண்ணீர் கலக்கிறது. ஊசிமுனைக் குழாய் சரியாக வேலை செய்யாவிடில் எரியாத டீசல் எண்ணெயில் இறங்கி, அதை நீர்க்கச் செய்கிறது. காற்று வடிகட்டி பழுதானால் தெருப்புழுதி உள்ளே புகுகிறது. புழுதியில் பெரும்பகுதி மணற்சத்தாகிய சிலிக்கா. அது இரும்பையே தேய்க்கும் கடினம் உடையது. அப்படித் தேய்ந்த உலோகத்தின் பொடியும் எண்ணெயில் சேர்ந்து, மேலும் தேய்மானத்தை வளர்க்கிறது.

இதில் கவனிக்கத் தக்க உண்மை ஒன்று உண்டு. எண்ணெய் இயந்திரத்தின் எல்லா உட்பகுதிகளையும் சுற்றி வருகிறது. எங்கே எது தேய்ந்தாலும் அதன் அடையாளத்தைச் சுமந்துகொண்டே திரும்புகிறது. எனவே இயந்திரத்தைப் பிரிக்காமலேயே அதன் உள்நிலையை அறிய எண்ணெயைவிடச் சிறந்த தூதுவர் இல்லை. மருத்துவர் சில துளி இரத்தத்தைக் கொண்டு உடலின் நிலையை அறிவது போன்றதே இது.

தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் மின்சாரம்

இரு உலோகத் தகடுகளைச் சிறு இடைவெளி விட்டு நிறுத்தினால் அது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கி ஆகிறது என்பது பள்ளிப் பாடம். தகடுகளுக்கு இடையே உள்ள பொருளைப் பொறுத்து அது தேக்கும் அளவு மாறும். வெற்றிடத்தில் தேங்குவதை 1 என்று கொண்டால், கனிம எண்ணெயில் அது ஏறக்குறைய 2.1 முதல் 2.4 வரை, தண்ணீரிலோ சுமார் 80. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால், எண்ணெயில் மிகச் சிறிதளவு தண்ணீர் கலந்தாலும் மின்தேக்கியின் அளவு உயர்ந்துவிடும். எண்ணெய்த் தொட்டியினுள் இத்தகைய தகடுகளைப் பொருத்தி, அளவு உயரும்போது விளக்கு எரியுமாறு செய்வதே பல எண்ணெய்த் தர உணர்கருவிகளின் அடிப்படை.

எண்ணெய் பிராணவாயுவோடு கூடிக் கெடும்போதும், கரி மிகும்போதும் இந்த அளவு உயர்கிறது. உஷ்ணநிலை மாறினாலும் மாறுகிறது. ஆகவே கருவியினுள் உஷ்ணமானி ஒன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் மாறிவிட்டது என்பதை இக்கருவி விரைவில் சொல்லும். ஏன் மாறியது, தண்ணீராலா, கரியாலா, முதுமையாலா என்பதை அது ஒன்றே பிரித்துச் சொல்லாது.

எண்ணெயின் பாகுத்தன்மையை அளக்க வேறொரு முறை உண்டு. இசைக்கவை போன்ற மிகச் சிறிய உறுப்பு ஒன்றை மின்சாரத்தால் அதிரச் செய்து எண்ணெயில் அமிழ்த்துகிறார்கள். தேனில் கையை அசைப்பதற்கும் தண்ணீரில் அசைப்பதற்கும் உள்ள வேற்றுமை எல்லோரும் அறிந்ததே. அவ்வாறே, கெட்டியான எண்ணெயில் அதிர்வு விரைவில் அடங்கும்; நீர்த்த எண்ணெயில் நெடுநேரம் நீடிக்கும். டீசல் கலந்தால் பாகுத்தன்மை குறையும். கரி மிகுந்தாலும் எண்ணெய் முதிர்ந்தாலும் கூடும். இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் ஒன்றை மற்றொன்று ஈடுசெய்து, அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றவும் கூடும்.

கார்களில் எண்ணெய் மாற்ற வேண்டிய காலத்தைக் காட்டும் விளக்கைக் கண்டு, உள்ளே எண்ணெயைச் சோதிக்கும் கருவி ஒன்று இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். பல கார்களில் அவ்வாறு எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1988-ஆம் ஆண்டில் புழக்கத்திற்குக் கொண்டுவந்த முறை, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எண்ணெய் எவ்வளவு உஷ்ணத்தில் இருந்தது என்பவற்றைக் கொண்டு எண்ணெயின் எஞ்சிய ஆயுளைக் கணக்கிட்டுக் கூறுவது. சிக்கனமான, பயனுள்ள முறையே இது. ஆனால் குளிரூட்டும் நீர் எண்ணெயில் கசிந்தால் அந்தக் கணக்கிற்கு அது தெரியாது. எனவே தம் வாகனத்தில் இருப்பது அளக்கும் கருவியா, கணக்கிடும் கருவியா என்பதை ஓட்டுநர் அறிந்திருத்தல் அவசியம்.

துகள்களை எண்ணுதலும் பிடித்தலும்

நீரியல் இயந்திரங்களில் எண்ணெயின் தூய்மை மிக முக்கியமானது. மெல்லிய ஓடையாகச் செல்லும் எண்ணெயின் ஊடே ஒளியைச் செலுத்தினால், ஒவ்வொரு துகளும் கடக்கும்போது ஒரு கணம் நிழல் விழும். அந்த நிழல்களை மின்கருவி எண்ணுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரான்களுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதை மூன்று குறியெண்களால் எழுதுவது சர்வதேசத் தர முறை. எடுத்துக்காட்டாக 18/16/13 என்றால், 4 மைக்ரானுக்கு மேற்பட்டவை 1,300 முதல் 2,500 வரை, 6 மைக்ரானுக்கு மேற்பட்டவை 320 முதல் 640 வரை, 14 மைக்ரானுக்கு மேற்பட்டவை 40 முதல் 80 வரை இருக்கின்றன என்பது பொருள். குறியெண் ஒன்று கூடினால் துகள்கள் ஏறக்குறைய இரு மடங்காகின்றன. 18 என்பது 21 ஆனால் மூன்று கூடியது என்று அலட்சியமாக இருத்தல் ஆகாது. துகள்கள் எட்டு மடங்காகிவிட்டன. இக்கருவிக்கும் ஒரு குறை உண்டு. நீர்த்திவலைகளும் காற்றுக் குமிழிகளும் நிழல் தருவதால், அவற்றையும் துகள்களாகவே அது எண்ணிவிடும்.

மிகப் பழைய முறை காந்தம். கியர்ப் பெட்டியின் அடியில் உள்ள மூடியில் காந்தத்தைப் பொருத்தினால் இரும்புச் சில்லுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மூடியைக் கழற்றும்போது அவற்றைக் காணலாம். இதையே சிறிது திருத்தி, சிறு இடைவெளியுடன் இரு மின்முனைகளை அதில் அமைத்தால், ஒட்டிய சில்லு இடைவெளியை இணைத்து மின்சுற்றை நிறைவு செய்யும். உடனே எச்சரிக்கை விளக்கு எரியும். ஹெலிகாப்டர்களின் கியர்ப் பெட்டிகளில் இத்தகைய சில்லு அறிவிப்பான்கள் உள்ளன. எண்ணெய்க் குழாயைச் சுற்றிக் கம்பிச்சுருள்களை அமைத்து, கடந்து செல்லும் உலோகத் துகளால் காந்தப் புலத்தில் ஏற்படும் மாறுதலைக் கண்டறிவது பிற்கால முறை. இரும்பும், செம்பு போன்ற காந்தம் கவராத உலோகங்களும் வெவ்வேறு விதமாக மாறுதல் செய்வதால் இரண்டையும் அது பிரித்தறியும்.

நிறமாலை காட்டும் உலோகங்கள்

துகள் எந்த உலோகத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால், தேயும் உறுப்பு எது என்பதும் தெரிந்துவிடும். கிராபைட் சக்கரம் ஒன்று எண்ணெயில் தோய்ந்து சுழல, அதன் விளிம்பில் மின்பொறி எழுகிறது. அந்த உஷ்ணத்தில் எண்ணெயில் உள்ள தனிமங்கள் ஒளிவிடுகின்றன. ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய அலைநீளங்கள் வேறு. எனவே ஒளியைப் பிரித்துப் பார்த்தால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இரும்பு, எத்தனை பங்கு செம்பு என்று அளந்துவிடலாம்.

இந்த முறையை இயந்திரங்களின் நலம் அறியப் பயன்படுத்தத் தொடங்கியது ரயில்வேத் துறையே. 1940-களில் அமெரிக்காவின் டென்வர் ரியோ கிராண்டே ரயில்வே தன் டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயை இவ்வாறு சோதித்தது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை ஆகாய விமான எஞ்சின்களுக்கு இதைக் கையாண்டது. இந்திய ரயில்வேயிலும் டீசல் எஞ்சின்கள் பெருகிய பின்னர், அவற்றின் பணிமனைகளையொட்டிய பரிசோதனைச் சாலைகளில் எண்ணெயை ஒழுங்காகச் சோதிக்கும் வழக்கம் வேரூன்றியது.

அளவுகளைப் படிக்கும் முறை எளியது. இரும்பு மிகுந்தால் சிலிண்டர் உறை, பற்சக்கரம், சுழல் தண்டு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். குரோமியம் பிஸ்டன் வளையத்தையும், அலுமினியம் பிஸ்டனையும், செம்பு, ஈயம், வெள்ளீயம் ஆகியவை பேரிங்குகளையும் குறிக்கும். சிலிக்கன் கூடினால் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். சோடியம் கூடினால், பெரும்பாலும் அது குளிரூட்டும் நீரில் சேர்த்த மருந்திலிருந்து வந்தது. அதாவது நீர் கசிகிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. சில மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களையே மின்பொறி நன்கு ஒளிரச் செய்யும். அவற்றைவிடப் பெரிய துகள்கள் கணக்கில் வாரா. காந்தமோ பெரிய சில்லுகளைப் பிடிக்கும்; நுண்பொடியைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டிற்கும் நடுவே விட்டுப்போன துகள்களைக் காந்தச் சரிவில் படியவிட்டு நுண்பெருக்கியில் காணும் முறையை, 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான வெர்னன் வெஸ்ட்காட் உருவாக்கினார். தட்டையான இதழ் போன்ற துகளா, சுருண்ட சீவல் போன்ற துகளா என்பதைக் கொண்டு தேய்மானத்தின் தன்மையையே அதில் அறியலாம்.

எண்ணெய் அல்லாத திரவங்கள்

1-4-2020 முதல் இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னர் வந்த லாரி, பஸ் பலவற்றில் டீசல் தொட்டியோடு மற்றொரு சிறு தொட்டியும் காணப்படுகிறது. அதில் ஊற்றுவது தூய நீரில் 32.5 சதவீதம் யூரியா கரைந்த திரவம். புகைக்குழாயில் தெளிக்கப்படும் இத்திரவம் உஷ்ணத்தால் அம்மோனியாவாக மாறி, நச்சுத்தன்மையுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. 32.5 என்ற எண்ணிற்குக் காரணம் உண்டு. அந்த விகிதத்தில்தான் கரைசல் மிகக் குறைந்த உஷ்ணநிலையில், அதாவது சுமார் மைனஸ் 11 டிகிரியில் உறைகிறது. உறையும்போதும் உருகும்போதும் விகிதம் மாறுவதில்லை.

செலவைக் குறைக்க எண்ணித் தொட்டியில் தண்ணீரைக் கலப்பவர் இருக்கக்கூடும். இதைக் கண்டறிய, தொட்டிக்குள் செவிக்குக் கேளாத ஒலியலை அனுப்பப்படுகிறது. யூரியா மிகுந்த நீரில் ஒலி விரைவாகச் செல்லும். நீர்த்தால் வேகம் குறையும். குறிப்பிட்ட தூரத்தை ஒலி கடக்கும் நேரத்தையும் உஷ்ணநிலையையும் கொண்டு கருவி அடர்த்தியைக் கூறிவிடும். தரம் குறைந்தால் முதலில் விளக்கு எரியும். கவனிக்காவிடில் எஞ்சினின் சக்தியைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் ஒலியின் வேகத்தை மட்டுமே அளக்கும் கருவி, அதே வேகம் தரும் வேறொரு கரைசலை ஊற்றினால் ஏமாறும். அதனால்தான் புகைக்குழாயிலும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் மற்றொரு கருவி வைக்கப்பட்டுள்ளது. முதற் கருவி ஏமாந்தாலும் இரண்டாவது காட்டிக்கொடுக்கும்.

கார், ஜீப் முதலியவற்றின் பிரேக் திரவம் மற்றொரு எடுத்துக்காட்டு. கிளைக்கால் வகையைச் சேர்ந்த இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையக் கூடாது, ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 தரத்தில் இவை 230, 155 டிகிரி ஆகும். நீண்ட மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் சக்கரத்தருகே உஷ்ணம் மிக அதிகமாகும். ஈரம் ஏறிய திரவம் அப்போது கொதித்து ஆவியானால், ஆவி சுருங்கக்கூடியதாகையால் மிதிகட்டை தரைவரை தாழும், பிரேக் பிடிக்காது. சமவெளியில் எந்தக் குறையும் காட்டாத வண்டி மலையில் கைவிடுவதற்கு இது ஒரு காரணம். பேனா வடிவிலான சிறு மின்கருவிகள் இந்த ஈரத்தைக் காட்டும்; திரவத்தைக் கொதிக்கவைத்துக் கொதிநிலையை அளக்கும் கருவி அதனினும் நம்பத் தக்கது.

வட கடலில் நிகழ்ந்தவை

உணர்கருவியால் எல்லாம் காக்கப்பட்டுவிடும் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இரண்டு விபத்துகள் உணர்த்தின.

1-4-2009 அன்று வட கடலில் உள்ள மில்லர் எண்ணெய்த் தளத்திலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குச் சென்றுகொண்டிருந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஒன்று பீட்டர்ஹெட் நகருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 16 பேரும் மாண்டனர். பிரதான கியர்ப் பெட்டியில் நடுச் சக்கரத்தைச் சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோலச் சுற்றும் பற்சக்கரங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று களைப்பு முறிவினால் உடைந்ததே காரணம். மேலே சுழலும் விசிறி ஹெலிகாப்டரிலிருந்தே கழன்றுவிட்டது.

விபத்திற்கு ஏழு நாட்களுக்கு முன், மார்ச் 25-ஆம் தேதியன்று, அந்தக் கியர்ப் பெட்டியின் காந்த அறிவிப்பானில் ஓர் உலோகத் துகள் ஒட்டியிருக்கக் கண்டார்கள். கருவி தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அத்துகள் பற்சக்கரத்தின் சிதைவைக் குறிப்பது என்று அடையாளம் காணப்படவில்லை. ஹெலிகாப்டரை இயக்கியவர்களுக்கும் அதைத் தயாரித்தவர்களுக்கும் இடையே வாய்மொழியாகவும் மின்னஞ்சல் மூலமாகவும் நடந்த செய்திப் பரிமாற்றத்தில் ஒருவர் கூறியதை மற்றவர் வேறுவிதமாகப் பொருள் கொள்ள நேர்ந்தது. உட்பகுதியைத் திறந்து பார்த்திருக்க வேண்டிய சோதனை நடைபெறவில்லை. அதன் பின்னர் கருவி மீண்டும் எச்சரிக்கவும் இல்லை.

2011-இல் பிரிட்டிஷ் விபத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை மற்றொன்றையும் சுட்டியது. சில்லுகள் கீழே இறங்கி மற்ற உறுப்புகளைக் கெடுக்காதிருக்க, கியர்ப் பெட்டியின் நடுவே காந்தங்களின் வளையம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நல்ல நோக்கத்துடன் வைத்த அந்த வளையமே சில்லுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, எச்சரிக்கும் கருவியை அவை எட்டும் வாய்ப்பைக் குறைத்தது. விபத்தின் பின்னர் அந்தக் காந்தங்கள் நீக்கப்பட்டன.

29-4-2016 அன்று நார்வேயின் தூரோய் அருகே, அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு ஹெலிகாப்டரிலும் கோள் பற்சக்கரம் உடைந்தது, விசிறி கழன்றது, 13 பேர் மாண்டனர். இம்முறை முன்னெச்சரிக்கையே வரவில்லை. வெடிப்பு பற்சக்கரத்தின் மேற்பரப்பிற்கு அடியில் பரவியதாகவும், அதிலிருந்து உதிர்ந்த சில்லுகள் மிகக் குறைவாகவே இருந்ததாகவும் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2018-இல் அறிவித்தனர். எண்ணெயில் வந்து சேராத சேதியை எண்ணெயைப் பார்க்கும் கருவி எவ்வாறு கூறும்?

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று பாடங்கள் தெளிவாகின்றன. கருவி வைக்கப்பட்ட இடத்திற்குச் சான்று வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்த சான்றின் பொருளை அறிந்தவர் அதைப் பார்க்க வேண்டும். கருவி மௌனமாக இருப்பதையே இயந்திரம் நலமாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

களத்திலும் வகுப்பிலும் செய்யத்தக்கவை

விலையுயர்ந்த கருவிகள் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. ஆயினும் களப் பணியாளர்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் பெரும் பயன் விளையும். எண்ணெய் மாதிரியை எஞ்சின் ஓடி நிறுத்தியவுடன், உஷ்ணம் ஆறுமுன், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, சுத்தமான உலர்ந்த புட்டியில் எடுக்க வேண்டும். இயந்திரம் ஓடிய மணி நேரத்தையும், இடையில் எவ்வளவு புதிய எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதையும் புட்டியின்மேல் எழுத வேண்டும். இரண்டாவது குறிப்பு அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் 10 லிட்டர் எண்ணெயில் இரும்பு பத்து லட்சத்திற்கு 40 பங்கு இருக்கையில், 5 லிட்டரை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் 5 லிட்டர் ஊற்றினால், அளவு உடனே 20 பங்காக இறங்கிவிடும். எஞ்சின் குணமடைந்துவிட்டது என்று பரிசோதனைச் சாலையில் உள்ளவர் எண்ணிவிடக் கூடும். தனி ஓர் அளவைவிட, அடுத்தடுத்து எடுத்த அளவுகளின் போக்கே உண்மையைக் காட்டும்.

எளிய சோதனைகள் இரண்டைப் பட்டறையிலும் பள்ளியிலும் செய்து காட்டலாம். வடிதாளின்மேல் பழைய எஞ்சின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் வைத்தால் வட்டங்கள் பரவும். கரி எங்கும் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் பரவியிருந்தால், எண்ணெய்க்குக் கரியை மிதக்கவிடும் சக்தி இன்னும் இருக்கிறது. நடுவிலேயே கன்னங்கரிய திட்டாகக் கூர்மையான ஓரத்துடன் நின்றுவிட்டால் அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. இரண்டாவது சோதனையில், தண்ணீரின் கொதிநிலைக்கு மேல், ஏறக்குறைய 150 டிகிரிக்குச் சூடேற்றிய இரும்புத் தட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால், தாளிக்கும் கடுகுபோல் படபடவென்று பொரியும். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, மாணவர்களைத் தொலைவில் நிறுத்தி, ஆசிரியரே இதைச் செய்ய வேண்டும்.

ஒரே எண்ணெயை விரலும் வடிதாளும் காந்தமும் சூடான தட்டும் வெவ்வேறு விதமாகச் சோதிப்பதை மாணவர்கள் தம் கண்ணால் காண்பார்களாயின், அறிவியல் முறையின் சாரத்தையே அவர்கள் அறிந்தவராவர். ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. பல விடைகளை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவது மனிதனின் பொறுப்பு.

பட்டறையில் அளவுக் குச்சியை உருவிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கருவிகள் இல்லை. எனினும் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: ஐயம் தோன்றினால் அவர் எஞ்சினை ஓடவிடுவதில்லை. மைக்ரான் அளவுள்ள துகளைக் காட்டும் கருவியைக் கையில் வைத்திருப்பவருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். காந்தத்தில் ஒட்டிய ஒரு சில்லைக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை இயந்திரத்தை நிறுத்திவைப்பதால் சில மணி நேரம் வீணாகலாம். 2009-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி அந்தச் சில மணி நேரம் செலவிடப்பட்டிருந்தால், 16 குடும்பங்களுக்கு ஏப்ரல் முதல் நாள் மற்றொரு சாதாரண நாளாகக் கழிந்திருக்கக் கூடும்.